உங்கள் ஊர் பொம்பா (தீயணைப்பு) நிலையத்தில் ஆள் குறையாமல் காப்பது எப்படி? தோட்டப் பட்டணத்து மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் மலேசியாவில் எங்கள் தோட்டப் பட்டணத்தில் ஒரு கடைவரிசை எரிந்தது. இரவு ஒன்பது மணி இருக்கும். மேல்மாடியில் பிடித்த தீ கூரைப்பலகை வழியாகப் பக்கத்துக் கடைக்குத் தாவிக்கொண்டிருந்தது. பொம்பா லோரி சீக்கிரமே வந்துவிட்டது. நிலையம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. லோரியிலிருந்து இறங்கியவர்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று பேர். ஒருவர் பம்பு பக்கம் நின்றார். ஒருவர் குழாயை இழுத்தார். அவர்களின் தலைவர் வாக்கி டாக்கியில் அடுத்த ஊர் லோரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போக ஆள் இல்லை. அடுத்த ஊர் லோரி வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு கடைகள் போய்விட்டன.

அந்த மூன்று பேரும் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை என் கடைக்குத் தேநீர் குடிக்க வந்த ஓய்வுபெற்ற பொம்பாக்காரர் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணே, லோரி புதுசா இருக்குன்னு பாத்து ஏமாறாதீங்க. அதுல ஏற ஆள் இருக்கான்னு பாருங்க.”

பிறகு விசாரித்ததில் தெரிந்தது இதுதான். ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார். இன்னொருவர் மாற்றலாகிப் போனார். ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். அந்த இடங்களுக்கு யாரும் வரவில்லை. நிலையத்தை யாரும் மூடவில்லை, ஆள் குறைப்பு என்று எந்த அறிவிப்பும் வரவில்லை. சிக்கன காலத்தில் சிறிய ஊர்கள் தீயணைப்பு ஆட்களை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான். காலியான நாற்காலி காலியாகவே இருக்கும். எரிந்த பிறகுதான் ஊர் எண்ணிப் பார்க்கும். எரிவதற்கு முன்பே எண்ணத் தொடங்குவது எப்படி, எண்ணியதை யாரிடம் எப்போது கொண்டுபோவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாங்கள் செய்த முதல் தவறு, மாவட்ட மன்றத்துக்குப் போனது. குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் அங்கேதானே போகிறோம், இதற்கும் அங்கேயே கேட்கலாம் என்று நினைத்தோம். நான்கு மாதம் வீணாகப் போனது.

தீபகற்ப மலேசியாவில் தீயணைப்புச் சேவை ஒரு காலத்தில் ஊராட்சிகளின் கையில்தான் இருந்தது. 1976 ஜனவரி 1 முதல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை, வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் இருக்கிறது. அதன் சட்டம் 1988ஆம் ஆண்டு தீயணைப்புச் சேவைச் சட்டம், அதாவது சட்டம் 341. சம்பளப் பணத்தை நாடாளுமன்றம் ஒதுக்குகிறது. எத்தனை பணியிடம் என்பதில் ஜே.பி.ஏ. என்று நாம் சொல்லும் பொதுச் சேவைத் துறைக்குப் பங்கு உண்டு. உங்கள் நிலையத் தலைவர் தன் விருப்பத்துக்கு ஒரு ஆளைக்கூடச் சேர்க்க முடியாது. அவருக்கு மேலே மண்டலத் தலைவர், மாநில இயக்குநர், அதற்கும் மேலே மத்திய அரசின் நிர்வாகத் தலைமையிடமான புத்ராஜெயா.

ஆகவே மாவட்ட மன்ற உறுப்பினரிடம் கேட்பது பிழை என்று சொல்லவில்லை, அவர் கையில் அந்தப் பணப்பெட்டியின் சாவி இல்லை என்கிறேன். சட்டமன்ற உறுப்பினரும் கடிதம் தரலாம், குரல் கொடுக்கலாம். ஆனால் கேள்வியை மக்களவையில் எழுப்பக்கூடியவர் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். முக்கியமான கதவு அதுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து, மத்திய அரசின் செலவு மதிப்பீட்டுப் புத்தகம் ஒன்றை நிதி அமைச்சு வெளியிடுகிறது. மலாயில் ‘அங்காரான் பெர்பெலாஞ்சாஆன்’ என்பார்கள். அமைச்சின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் செலவுகளுக்கு எண் இருக்கும். 10000 என்றால் சம்பளம், படி. 20000 என்றால் சேவையும் பொருளும். 30000 என்றால் வாங்கும் சொத்து. 40000 என்றால் மானியம். நமக்கு முதலில் வேண்டியது 10000.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போன வருடத்தைவிட அந்த 10000 வரியில் தொகை கூடியிருக்கும். “பார், பணம் கூடத்தான் கொடுத்திருக்கிறார்கள்” என்று யாராவது சொல்வார்கள். அரசு ஊழியர்களின் சம்பளம் 2024 டிசம்பர் 1 அன்றும் 2026 ஜனவரி 1 அன்றும் இரண்டு கட்டமாக உயர்ந்தது. அதே ஆட்களுக்கு அதிகச் சம்பளம் என்றால் தொகை தானாகவே கூடும். பணம் கூடியும் ஆள் குறைந்திருக்கலாம். ரிங்கிட்டைக் கேட்காதீர்கள், தலையை எண்ணிக் கேளுங்கள்.

ஒரு ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு

இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருங்கள். கூட்டத்தில் யாராவது “ஒரு ஆள்தானே” என்று சொல்லும்போது தேவைப்படும்.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 42 மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், லோரியில் ஒரே ஒரு இருக்கையை இரவும் பகலும் நிரப்ப நான்கு பேர் வேண்டும். விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஐந்து. அப்படியானால் ஐந்து பேர் ஏறும் லோரிக்கு ஏறக்குறைய இருபத்தைந்து பேர் தேவை. இருபத்தைந்தில் ஐந்து இடம் காலி என்றால் பட்டியலில் அது ஐந்தில் ஒரு பங்கு. தீயின் முன்னால் அது ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு இருக்கை. இன்னும் ஒருவர் திடீரென மருத்துவ விடுப்பு எடுத்தால் அன்றைக்கு மூன்று பேர்தான். எங்கள் கடைவரிசை எரிந்த இரவு அப்படிப்பட்ட இரவு.

அந்த இருக்கைகளில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஒருவர் ஓட்டுநர், அவரே பம்பையும் பார்க்கிறார். ஒருவர் தலைவர், முழுக் கட்டடத்தையும் கவனித்து முடிவெடுக்கிறார். இருவர் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். இருவராகத்தான் போக வேண்டும், ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இழுத்து வர. மிச்சமிருப்பவர் தண்ணீர் இணைப்பைத் தேடி ஓடுகிறார். இதில் யாரை நிறுத்துவீர்கள்? ஆள் குறையும்போது முதலில் நின்றுபோவது உள்ளே போகும் வேலைதான். உள்ளே குழந்தையோ படுத்த படுக்கையான பாட்டியோ இருந்தால் அதன் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய தரநிலைத் தொழில்நுட்பக் கழகம் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான வீட்டுத்தீயில் நான்கு பேர் குழுக்கள், இரண்டு பேர் குழுக்களைவிட எல்லா வேலைகளையும் சராசரியாக 7 நிமிடம் முன்னதாக முடித்தன. மூன்று பேர் குழுக்களைவிட 5 நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக முன்னதாக முடித்தன. ஐந்து நிமிடம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இன்றைய வீடுகளில் இருக்கும் பஞ்சு சோபா, பிளாஸ்டிக் அலமாரி, செயற்கை நூல் திரைச்சீலை எல்லாம் எரிந்தால் அறை முழுக்க ஒரே நேரத்தில் தீப்பற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாமல் போகலாம் என்பது சோதனைகளில் தெரிந்த விஷயம். பழைய மரச்சாமான் காலத்தில் அதே நிலைக்கு வர அரைமணி நேரம் வரை ஆகும். நம் தாத்தா காலத்துத் தீ வேறு, இன்றைய தீ வேறு.

தீ மட்டுமா? எங்கள் ஊர் பழைய நெடுஞ்சாலை ஓரம் இருக்கிறது. விபத்தில் நசுங்கிய காரிலிருந்து ஆளை வெட்டி எடுப்பது பொம்பா. வெள்ளத்தில் படகு கொண்டுவருவது பொம்பா. 2018 அக்டோபர் 3 அன்று பூச்சோங் பக்கம் ஒரு பழைய ஈயக்குட்டையில் விழுந்த பதினேழு வயதுப் பையனைத் தேடப்போன ஆறு தீயணைப்பு வீரர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தபோது சேற்றுக்குள் தேடியவர்களில் இவர்களும் இருந்தார்கள். பெரிய சம்பவம் நடந்தால் சிறிய ஊர் நிலையங்களிலிருந்தும் ஆள் கிளம்பிப் போகலாம். அப்போது நம் ஊரில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? இந்தக் கேள்வியையும் எழுதி வையுங்கள்.

நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நெஞ்சு. மற்றதையெல்லாம் விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஊரில் பொம்பா வந்த ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பக்கம். தேதி, இடம், 999க்கு அழைத்த நேரம், முதல் லோரி வந்த நேரம், அதிலிருந்து இறங்கியவர்கள் எத்தனை பேர், இரண்டாவது லோரி எந்த ஊரிலிருந்து எப்போது வந்தது, எதில் தாமதம். அவ்வளவுதான். கருத்து எழுதாதீர்கள், கோபம் எழுதாதீர்கள். எண் மட்டும்.

நேரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அழைத்தவரின் கைப்பேசியில் அழைப்பு நேரம் பதிவாகியிருக்கும், அன்றைக்கே படம்பிடித்து வாங்கிவிடுங்கள். தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் யாராவது “தீ! தீ!” என்று அனுப்பிய செய்திக்கு நேரம் இருக்கும். கடை வாசலில் இருக்கும் கேமராவில் லோரி கடந்துபோனது தெரியும். பெரும்பாலான கேமராக்களில் பழைய பதிவு சில வாரத்தில் அழிந்துவிடும், ஆகவே ஒரு வாரத்துக்குள் போய்க் கேளுங்கள்.

இந்த நோட்டை யார் எழுதுவது? ஒருவர் மட்டும் எழுதினால் அவர் சலித்துப்போவார், அல்லது மகள் வீட்டுக்கு ஷா ஆலாம் போய்விடுவார். எங்கள் ஊரில் மூன்று பேர் பொறுப்பு: கோவில் நிர்வாகத்தில் ஒருவர், தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர், சீனர் புதுக்கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒருவர். மூன்றாவது ஆள் மிக முக்கியம். இது தமிழர் விஷயம் மட்டும் என்று ஒதுக்கப்படக்கூடாது. மலாய்க் கம்பத்திலிருந்தும் ஒருவர் சேர்ந்தால் இன்னும் நல்லது. தீ எல்லோர் கூரையிலும் ஒரே மாதிரித்தான் பிடிக்கும்.

நோட்டோடு சேர்த்து ஒரு வேலை செய்யுங்கள். நிலையத்திலிருந்து உங்கள் பகுதியின் கடைசி வீடுவரை வண்டியில் போய் நேரம் பாருங்கள். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு ஒரு தடவை. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் போங்கள். எங்களுக்கு இதில் கிடைத்த செய்தி எதிர்பாராதது. பகலில் பதினொரு நிமிடத்தில் போகும் ஒரு தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) இரவில் இருபத்து மூன்று நிமிடம் ஆனது. இரவு எட்டு மணிக்குத் தோட்டத்து வாசல் கதவு பூட்டப்படுகிறது, சாவி காவலாளியிடம், காவலாளி வேறு எல்லையில் ரோந்து. பொம்பாவில் ஐம்பது பேர் இருந்தாலும் அந்தப் பூட்டு அவர்களை நிறுத்தும். தோட்டத்து மேலாளரிடம் பேசி, இன்னொரு சாவியை லயத்திலேயே ஒருவரிடம் கொடுக்க வைத்தோம். ஒரு காசு செலவில்லை.

பன்னிரண்டு மாதம் எழுதினால் போதும், ஊரைப் பற்றிப் புத்ராஜெயாவில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயங்கள் உங்கள் கையில் இருக்கும்.

நிலையத்தில் இருப்பவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்

நிலையத்துக்குப் போய் “துவான், உங்களிடம் எத்தனை ஆள் குறைவு, ஒரு வீடியோவில் சொல்லுங்கள்” என்று கேட்டுவிடாதீர்கள். அரசு ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டு நடத்தை ஒழுங்கு விதிகள் உண்டு. அனுமதியில்லாமல் அரசாங்கக் கொள்கையைப் பற்றிப் பொதுவில் பேசினால் அவர்கள்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரும். நம்மைக் காப்பாற்ற வருகிறவருக்கு நாம் அதைச் செய்யக்கூடாது. அவர்கள் தனிமையில் சொன்ன செய்தியையும் கடிதத்தில் “நிலையத்தில் ஒருவர் சொன்னார்” என்று எழுதாதீர்கள். சிறிய நிலையம், யார் என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். மற்றதை அதிகாரபூர்வமாகக் கேளுங்கள். சம்பவ இடத்தில் எண்ணும்போதும் தள்ளி நின்று எண்ணுங்கள், முகத்தைப் படம்பிடித்துப் போடாதீர்கள்.

சரியான மாதத்தில் கேளுங்கள்

வரவு செலவுத் திட்டம் அக்டோபரில் மக்களவையில் தாக்கல் ஆகும். 2024ஆம் ஆண்டுக்கானது 2023 அக்டோபர் 13, 2025க்கானது 2024 அக்டோபர் 18, 2026க்கானது 2025 அக்டோபர் 10. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் கடிதம் எழுத உட்காருகிறவர்கள் பல பேர். அதற்குள் கணக்கு அச்சாகிவிட்டது. அமைச்சுகள் தங்கள் தேவையை நிதி அமைச்சிடம் சொல்வது அந்த வருடத்தின் முற்பாதியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஆகவே சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் முடிந்த கையோடு உட்கார்ந்து, போன வருட நோட்டை ஒரு பக்கத்துக்குச் சுருக்குங்கள். மார்ச், ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினரைச் சேவை மையத்தில் நேரில் பாருங்கள். வருட நடுவில், வரவு செலவுத் திட்டத்துக்கு மக்கள் கருத்தை நிதி அமைச்சு இணையம் வழியாகக் கேட்கும். அங்கேயும் அதே ஒரு பக்கத்தைப் போடுங்கள். அக்டோபரில் தாக்கல் ஆனதும் கதை முடிந்துவிடாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமைச்சின் ஒதுக்கீட்டையும் மக்களவை தனித்தனியாகக் குழுநிலையில் விவாதிக்கும். வீடமைப்பு ஊராட்சித் துறையின் முறை வரும் நாளில் உங்கள் உறுப்பினர் எழுந்து உங்கள் ஊர் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பு அவருடைய உதவியாளருக்கு நினைவுபடுத்துங்கள். உதவியாளர்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒய்.பி. (நாடாளுமன்ற உறுப்பினர்) கையில் எந்தக் காகிதம் போய்ச் சேரும் என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

மக்களவை வழக்கமாக வருடத்துக்கு மூன்று தடவை கூடும். வாய்மொழிக் கேள்வியும் எழுத்துவழிக் கேள்வியும் கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. எழுத்துவழிக் கேள்விதான் நமக்கு நல்லது என்பது என் அனுபவம். வாய்மொழியில் நேரம் போதாமல் கேள்வி விடுபட்டுப்போகலாம். எழுத்துவழியில் எண்ணோடு பதில் கேட்க முடியும். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். இப்படி:

“எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, இன்றைய தேதியில் நிரப்பப்பட்டவை எத்தனை, காலியிடங்கள் எந்த மாதத்துக்குள் நிரப்பப்படும், ஒரு ஷிப்டில் முதல் லோரியில் ஏறும் ஆட்களின் குறைந்தபட்ச எண்ணிக்கை எத்தனை என்பதை வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சர் தெரிவிப்பாரா?”

மலாயில் எழுதுங்கள். ‘ஜாவத்தான் கொசோங்’, அதாவது காலிப் பணியிடம் என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். “பாதுகாப்பை மேம்படுத்துமா?” என்று பொதுவாகக் கேட்டால் “அரசாங்கம் எப்போதும் அக்கறை கொண்டிருக்கிறது” என்று பொதுவான பதில்தான் வரும்.

கூட எடுத்துப்போகும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் பத்தியில் ஊர், அதில் எத்தனை தோட்டம், எத்தனை பள்ளி, மருத்துவமனை, செம்பனை ஆலை, அடுத்த நிலையம் எவ்வளவு தூரம். இரண்டாவது பத்தியில் நோட்டிலிருந்து மூன்று சம்பவம், நேரத்தோடு. மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு கோரிக்கை: காலியிடங்களை நிரப்புங்கள். புதிய லோரி, புதிய கட்டடம், பெயர்ப்பலகை என்று எதையும் சேர்க்காதீர்கள். நான்கு கேட்டால் எளிதானதைக் கொடுத்துவிட்டு முடித்துவிடுவார்கள். ஒரே கடிதத்தின் நகல் மாநில இயக்குநருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் போகட்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள்: கோவில், சூராவ் (முஸ்லிம் தொழுகைக்கூடம்), சீனர் சங்கம், பள்ளிகள், கடைக்காரர்கள், ருக்குன் தெதாங்கா (அக்கம்பக்கத்தார் சங்கம்). ஆயிரம் தனிக் கையெழுத்தைவிட இந்தப் பத்து முத்திரைக்கு எடை அதிகம்.

“உங்கள் ஊரில் வருடத்துக்கு இவ்வளவு அழைப்புதான்” என்று ஒரு பதில் வரலாம். அழைப்பு குறைவு என்றால் ஆள் குறைவாகப் போதும் என்று ஆகாது. வருடத்துக்கு ஒரே ஒரு தீ என்றாலும் அந்தத் தீயை அணைக்க வேண்டிய கைகள் அதே எண்ணிக்கைதான். நகரத்தில் இரண்டாவது லோரி ஐந்து நிமிடத்தில் வரும். நமக்கு இருபத்தைந்து. முதல் லோரியில் ஆள் நிறைய இருக்க வேண்டியது நகரத்தைவிட நம் ஊரில்தான்.

சுக்கரேலா (தன்னார்வலர் படை): வேண்டும், ஆனால் மாற்றாக இல்லை

தன்னார்வலர் படையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த நாட்டில் தீயணைப்பே தன்னார்வலர்களோடு தொடங்கியதுதான். 1883இல் கோலாலம்பூரில் சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படை உருவானது. இன்றும் பல புதுக்கிராமங்களில் சீனச் சமூகம் நன்கொடை திரட்டி ‘பொம்பா சுக்கரேலா’ படையை அருமையாக நடத்துகிறது. இதில் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. முறையாகத் துறையிடம் பதிவு செய்து, துறையின் பயிற்சி பெற்று, கவச உடையும் காலணியும் கையில் வந்த பிறகே தீயருகே போக வேண்டும். பயிற்சியில்லாத வீரம் கூடுதலாக ஒரு பிணத்தைத்தான் தரும், மன்னிக்கவும், இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியால் பொம்பாவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் தன்னார்வலர் படைக்குக் குழாய், கையடக்கப் பம்பு, தலைக்கவசம் வாங்க உதவி கேட்கலாம். தனியாகக் கேளுங்கள், பணியிடக் கடிதத்தோடு கலக்காதீர்கள். ஏன் என்றால், “உங்களுக்குத்தான் சுக்கரேலா இருக்கிறதே” என்ற பேச்சு அங்கிருந்துதான் முளைக்கும். தன்னார்வலர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். காலை பத்து மணிக்கு லயத்தில் தீப்பிடித்தால் அவர்கள் வெளிக்காட்டிலோ ஆலையிலோ வேறு ஊரிலோ இருப்பார்கள். படையின் ஒவ்வொரு கூட்டக் குறிப்பிலும் ஒரு வரி எழுதி வையுங்கள்: இந்தப் படை முழுநேர வீரர்களுக்குத் துணை, மாற்று இல்லை.

தோட்டத்தையும் ஆலையையும் விட்டுவிடாதீர்கள்

தோட்ட நிலம் தனியார் நிலம். தாமானில் இருப்பதுபோல் அங்கே சாலையோரத்தில் தீயணைப்புக் குழாய்முனை இருப்பது அரிது. பொம்பா வந்தாலும் லோரியில் இருக்கும் தண்ணீர் சில நிமிடம்தான். ஆகவே குளம், ஓடை, ஆலையின் தண்ணீர்த்தொட்டி எங்கே இருக்கின்றன, லோரி அதன் கரைவரை போகுமா என்று ஒரு வரைபடம் போட்டு நிலையத்துக்குக் கொடுங்கள். ஆள் குறைவாக இருக்கும் நாளில் இந்த வரைபடம் அரை ஆளுக்குச் சமம்.

செம்பனை ஆலையில் நார், ஓடு, கொதிகலன் எல்லாம் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டம், 2024 ஜூன் 1 முதல் திருத்தத்தோடு அநேகமாக எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஆலையின் அவசரக் குழுவுக்கு ஆள் இருக்கிறதா, பம்பு ஓடுகிறதா என்று கேட்க அங்கே வேலை செய்பவர்களுக்கு உரிமை உண்டு. தொழிலாளர் குடியிருப்புக்கும் 1990ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. லயத்துப் பழைய வயரிங்கைப் பற்றி மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது மழையில் போன கோலம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது சுருக்கமாக: எரிவாயு ரப்பர் குழாயை மாற்றுங்கள், ஒரே பிளக்கில் நான்கு சாமான் சொருகாதீர்கள், சாமி விளக்கைத் திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள், வறட்சியில் குப்பை எரிக்காதீர்கள். புகை அறியும் கருவி ஒன்று வாங்கி வரவேற்பறையில் மாட்டுங்கள்.

நம் பிள்ளைகள்

காலியிடம் நிரம்ப வேண்டும் என்றால் விண்ணப்பிக்க ஆள் வேண்டும். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த நம் பையன்கள், பெண் பிள்ளைகள் எத்தனை பேர் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தில் பதிந்திருக்கிறார்கள்? எங்கள் பள்ளியில் கேட்டோம், அப்படி ஒரு வேலை நமக்குக் கிடைக்கும் என்றே பல பேர் நினைத்திருக்கவில்லை. உடல்தகுதித் தேர்வுக்கு ஓட்டமும் நீச்சலும் பழக்குவதற்கு ஊரில் ஒருவர் முன்வந்தால் போதும். பள்ளியில் தீயணைப்பு மாணவர் படை இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம். தோட்டத்துக் குறுக்குப்பாதையெல்லாம் தெரிந்த, பாட்டியிடம் தமிழில் “உள்ள யாரும்மா இருக்கா?” என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த லோரியில் இருப்பது எனக்குப் பெரிய ஆசை.

சேர்ந்தவுடன் அவர்கள் லோரியில் ஏறிவிட முடியாது, தீயணைப்புப் பயிற்சிக் கழகத்தில் பல மாதப் பயிற்சி இருக்கிறது. இன்றைக்கு விட்ட ஒரு காலியிடம் திரும்ப நிரம்ப எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் கடிதத்தில் இந்தக் காரணத்தோடு சொல்லுங்கள்.

பதில் வந்த பிறகு

பதில் மூன்று விதமாக வரும். எண்ணோடு வந்தால் அதை அப்படியே நகலெடுத்து ஊர் அறிவிப்புப் பலகையிலும் கோவிலிலும் ஒட்டுங்கள், தேதி போட்டு. அனுமதிக்கப்பட்டது, நிரம்பியது, வாக்குறுதி கொடுத்த மாதம், மூன்றும் எல்லோர் கண்ணிலும் படட்டும். அந்த மாதம் வந்ததும் மறுபடி கேளுங்கள்.

எண் இல்லாமல் நன்றி மட்டும் வந்தால், அதே கேள்வியை அடுத்த கூட்டத்தொடருக்குக் கொடுங்கள். வரியை மாற்றாதீர்கள்.

பதிலே வராவிட்டால் பொதுப் புகார் முறையில் அமைச்சுக்குப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் யாராவது ஒருவர் அதை முடித்துக்காட்ட வேண்டிவரும்.

எங்கள் ஊருக்கு முதல் பதில் பதினான்கு மாதம் கழித்து வந்தது. இரண்டு பேர் மாற்றலாகி வந்தார்கள். மூன்றாவது இடம் இன்னும் கொசோங். நோட்டின் இரண்டாவது புத்தகம் பாதி நிரம்பியிருக்கிறது. போன வாரம் பழைய நெடுஞ்சாலையில் நடந்த விபத்துக்கு லோரி ஏழு நிமிடத்தில் வந்தது, ஐந்து பேர் இறங்கினார்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறோம்.